எந்தப் பார்க் நல்லம்

கொழும்பிலிருந்து திரும்பி வந்த நுஸ்ரா பையை வாசலில் வைத்துவிட்டு நேரே தண்ணீர் குடிக்கப் போனாள். அகீலா பின்னாலேயே போனாள். மகள் குடித்து முடிக்கும்வரை அவளால் பொறுக்க முடியவில்லை.

"பார்க் எப்பிடி இருந்திச்சி மகள்?"

"பரவால்ல."

"பரவால்ல எண்டா?"

"சரியான சனம். தண்ணியெல்லாம் மருந்து மணம். எனக்குப் பெரிசாப் பிடிக்கல்ல உம்மா."

நுஸ்ராவுக்குப் பத்து வயது. பொய் சொல்லும்போது கீழே பார்க்கும் வயதைத் தாண்டியிருந்தாள். நேராக முகத்தைப் பார்த்துத்தான் சொன்னாள். ஆனால் அகீலாவின் கைப்பேசிக்குப் படங்கள் முதலே வந்துவிட்டன. நுஸ்ராவின் வாப்பா றிப்ஷான் அகீலாவின் தம்பி ஹில்மிக்கு அனுப்பியவை, ஹில்மி தன் ராத்தாவுக்கு அனுப்பினான். மூன்று மாடி உயரத்திலிருந்து சுருண்டு இறங்கும் நீலச் சறுக்கு. அதன் அடியில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு வந்து விழும் நுஸ்ரா. வாய் முழுக்கச் சிரிப்பு. அந்தச் சிரிப்பை அகீலா இந்த வீட்டில் பார்த்து நாளாகிவிட்டது.

றிப்ஷானும் அகீலாவும் பிரிந்து இரண்டு வருடம். கட்டாரிலிருந்து வந்து கொழும்பில் கைப்பேசிக் கடை போட்டவன், அங்கேயே ஸஹீதா என்ற பெண்ணையும் கல்யாணம் செய்திருந்தான். அகீலா அதற்கு மேல் அவனோடு இருக்க விரும்பவில்லை. காத்தான்குடி வீடு அவளுக்குச் சீதனமாகக் கொடுத்தது. அவன்தான் வெளியே போனான். அபாயா தைத்துக் கடைக்குக் கொடுத்து அவள் மகளைப் பார்த்துக்கொண்டாள். இந்த வருடத் தொடக்கத்தில் அவன் வழக்குப் போட்டான். பிள்ளையைக் கொழும்பில் நல்ல பள்ளிக்கூடத்தில் படிப்பிக்க வேண்டும், தன்னோடு விட வேண்டும் என்று. அடுத்த மாதம் நீதிமன்றத் தவணை. நீதிபதி பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு அதன் விருப்பத்தைக் கேட்கக்கூடும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார். அன்றிலிருந்து அகீலாவுக்குத் தையல் கூட நேராக வரவில்லை.

பக்கத்து வீட்டு நபீஸா மாமி படங்களைப் பார்த்துவிட்டு எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றினாள்.

"என்னகா அகீலா, இப்பிடி ரெண்டு தரம் கூட்டிப் போனான் எண்டா புள்ள அங்கிட்டுத்தான் சாயும். சின்னப் புள்ளைக்கு உம்மாட கஷ்டம் தெரியுமா?"

சனிக்கிழமை ஹில்மியின் ஓட்டோ வாசலுக்கு வந்தது. வலையிறவுப் பாலம் தாண்டி, வவுணதீவுப் பக்கம் வாவிக்கரையில் புதிதாக ஒரு பார்க் திறந்திருந்தார்கள். அங்கே போவோம் என்று அகீலா சொன்னபோது நுஸ்ரா உம்மாவின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"நான் கேக்கல்லயே உம்மா."

"நீ கேட்டாத்தானா? நமக்கும் ஒரு நாள் போகக் கூடாதா?"

பாலத்தில் காற்று பலமாக அடித்தது. ஹில்மி என்னவோ பகிடி விட்டுக்கொண்டு வந்தான். அகீலாவின் காதில் ஒன்றும் விழவில்லை. அங்கே எத்தனை சறுக்கு, இங்கே எத்தனை சறுக்கு என்ற கணக்குத்தான் மனதில் ஓடியது. மடியில் சோற்றுப் பார்சல் சூடாக இருந்தது.

பார்க் அவள் நினைத்ததை விடச் சின்னதாக இருந்தது. இரண்டு சறுக்கு, இடுப்பளவு தண்ணீர் உள்ள ஒரு குளம், ஒரு கப்பல் ஊஞ்சல், ஒரு ராட்டினம். ராட்டினத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். மோட்டர் திருத்தம் என்றார்கள். வாவிப் பக்கம் கம்பி வேலி, அதில் முதலை கவனம் என்று பலகை.

"அங்க ராட்டினம் இருந்திச்சா மகள்?"

"இருந்திச்சி. ஆனா கெதியா முடிஞ்சிரும்."

"சறுக்கு?"

"இத விடக் கொஞ்சம் பெரிசு. ஏறுறத்துக்கே நெடு நேரம் நிக்க வேணும் உம்மா. இங்க உடனே ஏறலாம். இதான் வசதி."

நுஸ்ரா பெரிய மனுசி மாதிரி ஒவ்வொன்றையும் நிறுத்துச் சொன்னாள். சறுக்கிலிருந்து விழுந்து எழும்பும்போதெல்லாம் முதலில் உம்மா எங்கே நிற்கிறாள் என்று தேடினாள். அகீலா கையை அசைத்தால் சிரித்தாள். அந்தச் சிரிப்பு படத்தில் இருந்த சிரிப்புத்தானா என்று அகீலா உற்று உற்றுப் பார்த்தாள்.

கப்பல் ஊஞ்சலுக்குத் தனியாகப் போக மாட்டேன் என்றாள் நுஸ்ரா. ஹில்மி வரத் தயாராகத்தான் இருந்தான். ஆனால் அகீலா கைப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, அபாயாவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள். ஊஞ்சல் மேலே போய் ஒரு கணம் நின்றபோது வாவி முழுவதும் கண்ணுக்குள் வந்தது. பிறகு வயிறு தொண்டைக்கு வந்தது. "அல்லாஹ், என்ட புள்ள" என்று அவள் கத்தினாள். நுஸ்ரா அவளுடைய கையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். விக்கல் வரும்வரை சிரித்தாள். இறங்கிய பிறகும் "உம்மா கத்தினது, மாமா கேட்டயளா?" என்று ஹில்மியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

இதுதான் அந்தச் சிரிப்பு. அன்று முதல் தடவையாக அகீலாவுக்கு மூச்சு லேசானது.

அந்த நேரம் பார்த்து ஹில்மியின் கைப்பேசி அடித்தது. றிப்ஷான். சனிக்கிழமைகளில் மகளோடு பேசுவது அவன் வழக்கம். நுஸ்ரா கைப்பேசியை வாங்கிக்கொண்டு, சத்தம் கேட்காத இடமாகப் பார்த்து, வேலிப் பக்கம் இருந்த வேப்பமரத்தடிக்குப் போனாள். அகீலா கடையில் ஐஸ்பழம் வாங்கிக்கொண்டு பின்னால் போனாள். மரத்துக்கு இந்தப் பக்கம் வந்தபோது மகளின் குரல் கேட்டது.

"இல்ல வாப்பா, ஒண்டும் நல்லா இல்ல. சின்னப் பார்க். ராட்டினமும் உடஞ்சி கிடக்கு... ஓம், நீங்க கூட்டிப் போனதுதான் நல்லம்... உம்மாவோட வந்தா அலுப்பு வாப்பா."

அகீலா வந்த வழியே திரும்பினாள். ஐஸ்பழம் உருகிக் கையில் வழிந்தது. அதை எங்கே போட்டாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமில்லை.

ஹில்மி பாயை விரித்துச் சோற்றுப் பார்சலைப் பிரித்துக்கொண்டிருந்தான்.

"என்ன ராத்தா, முகம் ஏன் இப்பிடி?"

"இதத்தான் ஜட்ஜிட்டயும் சொல்லப் போறாள்."

"எத?"

"உம்மாவோட இருந்தா அலுப்பு எண்டு. இப்ப என்ட காதால கேட்டன். ரா பகலாத் தச்சி வளத்தது நான். ஒரு நாள் தண்ணியில விளையாடக் கூட்டிப் போனவன் நல்ல வாப்பா. அவள் அவன்ட பக்கம் போயிட்டாள் தம்பி. இனி என்னத்துக்கு இந்தச் சோறு, என்னத்துக்கு இந்தப் பார்க்."

ஹில்மி கண்ணால் காட்டினான். அகீலா திரும்பிப் பார்த்தாள். யாரும் இல்லை. கைப்பேசி மட்டும் பாயின் ஓரத்தில் இருந்தது.

"இப்ப இதுல நிண்டாள்" என்றான் ஹில்மி.

சறுக்கில் இல்லை. குளத்தில் இல்லை. கப்பல் ஊஞ்சல் வரிசையிலும் இல்லை. முதலில் நடந்து தேடிய அகீலா பிறகு ஓடத் தொடங்கினாள். ஒரே நிறத்தில் நீச்சல் உடுப்புப் போட்ட பிள்ளைகள், ஈரத் தலைகள், ஒவ்வொன்றும் நுஸ்ராவின் தலை போலவே இருந்தது. ஹில்மி ஒலிபெருக்கிக்காரனிடம் போய்ப் பெயரைச் சொல்ல, "நுஸ்ரா என்ற பிள்ளை உடனே வாசலுக்கு வரவும்" என்று பாட்டை நிறுத்திவிட்டுச் சொன்னார்கள். அகீலா கம்பி வேலியோரம் ஓடினாள். ஒரு இடத்தில் கம்பி தளர்ந்து, குனிந்தால் ஒரு பிள்ளை போகக்கூடிய அளவுக்கு இடைவெளி இருந்தது. அதற்கு அப்பால் சேறும் தண்ணீரும். அவள் அந்த இடத்திலேயே நின்று, தண்ணீரையே பார்த்தாள். தண்ணீரில் ஒரு அசைவும் இல்லை. அசைவில்லாததே அவளைப் பயமுறுத்தியது.

"தங்கச்சி, நீங்கதான் அந்தப் பிள்ளைட அம்மாவோ?"

உடுப்பு மாற்றும் அறையைப் பார்த்துக்கொள்ளும் புஸ்பம் என்ற பெண். மூச்சு வாங்க வந்திருந்தாள்.

"பிள்ளை உள்ளுக்கு இருந்து சத்தி எடுக்குது. கதவத் திறக்குதில்ல. வந்து கூப்பிடுங்க."

கடைசி அறைக் கதவை அகீலா தட்டினாள். அதட்ட வேண்டும் என்றுதான் வந்தாள். உள்ளே ஓங்காளிக்கும் சத்தம் கேட்டதும் எல்லாம் போய்விட்டது.

"மகள், உம்மா நிக்கன். திற."

கொஞ்ச நேரம் கழித்துக் கதவு திறந்தது. நுஸ்ராவின் முகம் வெளுத்திருந்தது. அகீலா அவளுடைய வாயைக் கழுவி, தலைச் சால்வை முனையால் துடைத்து, ஈரத் தரையிலேயே உட்கார்ந்து மடியில் இழுத்துக்கொண்டாள்.

"நான் வாப்பாட பக்கம் போகல்ல உம்மா."

"சரி, சரி."

"வாப்பா கேக்கக்குள்ள வாப்பாட பார்க் நல்லம் எண்டு சொல்லுவன். நீங்க கேக்கக்குள்ள உங்கட நல்லம் எண்டு சொல்லுவன். அப்பத்தான் ரெண்டு பேரும் சந்தோசப்படுவீங்க. ஜட்ஜ் ரெண்டு பேரையும் வச்சிக்கிட்டுக் கேட்டா என்ன சொல்ற எண்டு எனக்குத் தெரியா. அத நினச்சா வயிறு நோகுது."

"எப்ப இருந்து நோகுது?"

"கொழும்புலயும் சத்தி எடுத்தன். சாச்சிதான் கழுவி விட்டா. வாப்பாட்டச் சொல்ல வேணாம் எண்டு சொன்னன்."

சாச்சி என்றது ஸஹீதாவை. அகீலாவுக்குச் சுருக்கென்றது. அதை விழுங்கிக்கொண்டு கேட்டாள்.

"உண்மையச் சொல்லு மகள். உம்மா கோவிக்க மாட்டன். அந்தப் பார்க் நல்லமா?"

நுஸ்ரா முதலில் தயங்கினாள். உம்மாவின் முகத்தைப் பார்த்து, திரும்பவும் பார்த்து, பிறகு மெல்லச் சொல்லத் தொடங்கினாள். சறுக்கின் உள்ளே ஒரே இருட்டாம். எங்கே போகிறோம் என்று தெரியாதாம். திடீரென்று வெளிச்சம் வந்து தண்ணீரில் விழுவோமாம். அலை வரும் குளம் ஒன்று இருக்கிறதாம். மணி அடித்தால் அலை வருமாம். சொல்லச் சொல்ல நுஸ்ராவின் குரல் வேகமெடுத்தது. சாயங்காலம் வெளியே வர மாட்டேன் என்று அழுதாளாம். வாப்பா தோளில் தூக்கிக்கொண்டு வந்தாராம்.

அகீலா கேட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லும் குத்தியது. ஆனாலும் ஒன்றைக்கூட இடைமறிக்கவில்லை.

"இங்கயும் நல்லம் உம்மா. கப்பல் அங்க இல்ல. உண்மையா இல்ல."

நுஸ்ராவைப் பாயில் படுக்க வைத்து, ஹில்மியைப் பக்கத்தில் இருக்கச் சொல்லிவிட்டு, அகீலா வாசல் பக்கம் போய் றிப்ஷானை அழைத்தாள். பிரிந்த பிறகு அவள் நேரடியாக அவனோடு பேசியதில்லை.

"நுஸ்ராவுக்கு என்ன?" என்றான் எடுத்ததும். அவன் குரலிலும் பதற்றம் இருந்தது.

"சத்தி எடுத்தாள். இப்ப பரவால்ல."

"கொஞ்சம் முன்னதானே கதச்சன். நல்லாத்தானே கதச்சாள்."

"உங்களுக்கு ஏத்த மாதிரிக் கதச்சாள். எனக்கும் அப்பிடித்தான். உங்கட பார்க்குத் தண்ணி மருந்து மணம் எண்டாள் எனக்கு. இங்க அலுப்பு எண்டாள் உங்களுக்கு. ரெண்டும் பொய்."

"தண்ணி மணம் எண்டா சொன்னாள்? வெளிய வர மாட்டன் எண்டு அழுதவள்."

"தெரியும். இப்பதான் சொன்னாள். தோள்ல தூக்கி வந்தீங்களாம்."

அந்தப் பக்கம் கடையில் யாரோ விலை கேட்பது கேட்டது.

"எந்தப் பார்க் நல்லம் எண்டு நீங்க கேட்டீங்களா?" என்றாள் அகீலா.

"சும்மா கேட்டன்."

"நானும் சும்மாதான் கேட்டன். அவள் ஜட்ஜ் கேப்பார் எண்டு பயந்து சாப்பிட்டது வயித்துல நிக்காம இரிக்காள். உங்கட வீட்டிலயும் சத்தி எடுத்திரிக்காள். ஸஹீதாட்டக் கேட்டுப் பாருங்க."

"இப்ப என்ன செய்யச் சொல்றாய்?"

"அவள் வாயால சொல்ல வைக்காம நாமளே பேசி முடிப்பம். பள்ளிக்கூட நாள் இங்க. லீவு உங்களோட."

"லீவு எண்டா முழு லீவும்" என்றான் அவன் உடனே. "பத்து நாள் விட்டுட்டு, காய்ச்சல், சளி எண்டு திருப்பிக் கூப்பிடக் கூடாது."

டிசம்பர் லீவு முழுவதும் அந்த வீட்டில் நுஸ்ரா இல்லாமல் எப்படி இருக்கும் என்று அகீலா நினைத்துப் பார்த்தாள். நினைக்க முடியவில்லை.

"சரி" என்றாள்.

"யோசிச்சிச் சொல்றன்" என்று சொல்லிவிட்டு அவன் வைத்துவிட்டான்.

அவன் யோசிக்கப் பல நாள் எடுத்தான். அந்த நாட்களில் அகீலா கைப்பேசியைத் தையல் மெசினுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தாள். இடையில் சட்டத்தரணிகள் பேசினார்கள், பெருநாள் எங்கே என்பதில் முட்டுப்பட்டார்கள், ஒரு பெருநாள் இங்கே ஒரு பெருநாள் அங்கே என்று முடிந்தது. தவணை ஒரு தடவை தள்ளிப் போனது. அந்த முறை வீட்டுக்கு வந்து நுஸ்ரா திரும்பவும் சத்தி எடுத்தாள். எடுத்த முடிவு சரிதானா என்று அகீலா தினமும் சந்தேகப்பட்டாள். நபீஸா மாமி விசாரித்தபோது மட்டும், "பேசி முடிச்சிட்டம் மாமி" என்று வேறு பேச்சுக்கு இடம் வைக்காமல் சொல்லிவிட்டாள்.

கடைசித் தவணையன்று இருவரும் ஒத்துக்கொண்டதாகச் சட்டத்தரணிகள் சொன்னார்கள். நீதிபதி நுஸ்ராவைப் பார்த்து, என்ன வகுப்பு, என்ன பாடம் விருப்பம் என்று மட்டும் கேட்டார். விஞ்ஞானம் என்றாள். வெளியே வந்ததும் றிப்ஷான் குனிந்து மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்தான். அகீலாவைப் பார்த்துத் தலையை லேசாக அசைத்தான், அவ்வளவுதான்.

ஓட்டோவில் ஏறும்போது நுஸ்ரா உம்மாவின் கையை இழுத்தாள்.

"இனி நான் ஒண்டும் சொல்லத் தேவல்லயா?"

"தேவல்ல மகள்."

"ஜட்ஜ் திரும்பக் கூப்பிட மாட்டாரா?"

"மாட்டார்."

ஹில்மி ஓட்டோவை எடுத்தான். டிசம்பர் வர இன்னும் எத்தனை வாரம் என்று அகீலா மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். எண்ணி முடிப்பதற்குள் தோளில் பாரம் விழுந்தது. நுஸ்ரா வாயைத் திறந்துகொண்டு தூங்கிவிட்டாள். வீட்டைத் தாண்டி ஆரையம்பதிப் பக்கம் போய்ச் சாமான் ஒன்று எடுக்க வேண்டும், வீட்டுக்குப் போகக் கொஞ்சம் பிந்தும் என்றான் ஹில்மி.

"போ தம்பி. மெல்லமாப் போ" என்றாள் அகீலா.