வண்டு ஓய்ந்த பிறகு

கலியாண வீடியோ எடுக்கும் றமேஸ் அண்ணை ட்ரோனைத் துணியில் சுற்றி, கைக்குழந்தையைப் போல அணைத்துக்கொண்டு வந்தார். வட்டுக்கோட்டைக்கு வெளியே, அறுவடை முடிந்த வயலில் நானும் என் உளவளத்துணையாளர் நிவேதனா மிஸ்ஸும் காத்து நின்றோம். என் அண்ணை கீர்த்திகன் வரம்புக்கு அப்பால் மோட்டார்சைக்கிளோடு நின்றார்.

அடுத்த மாதம் அண்ணைக்குக் கலியாணம். மாப்பிள்ளையின் தங்கை நான்தான் தோழி. தாலி கட்டும்போது மணமக்களுக்குப் பின்னால் விளக்குப் பிடித்து நிற்க வேண்டும்.

கலியாண எழுத்து, அதுதான் பதிவு, நடந்த அன்று என்னால் நிற்க முடியவில்லை. றமேஸ் அண்ணையின் ட்ரோன் வீட்டு வளவுக்கு மேல் இரைந்து, பிறகு ஓய்ந்தது. அடுத்து நினைவிருப்பது, நான் நிலத்தில் கிடந்ததுதான். எனக்குக் கீழே மணப்பொம்பிளை சாருஜா. என் விரல்கள் அவளுடைய வாயைத் திறந்து பிடித்திருந்தன. ஷெல் விழும்போது வாய் திறந்திருந்தால் காது வெடிக்காது என்று சின்ன வயதில் அம்மா பழக்கியிருந்தார்.

அன்றிலிருந்து சாருஜா வீட்டு மாமி ஒருவர் வேறு தோழி தேடுகிறார். ட்ரோனை வேண்டாமென்று சொல்லவா என்று அண்ணை கேட்டார். நான் மறுத்துவிட்டேன். இப்போது எல்லாத் திருவிழாவிலும் அது பறக்கிறது. எத்தனை வானத்துக்கு ஒளிந்துகொள்வது?

கிளினிக்கில் மிஸ் அந்தச் சத்தத்தை போனில் போட்டுப் பழக்கினார். முதலில் மெதுவாக, பிறகு பெரிதாக. இன்று உண்மையான ட்ரோன்.

"பயம் பத்திலை எத்தினை, தனுசியா?"

"ஐஞ்சு, மிஸ்."

"ஏலாட்டிக் கையை உயர்த்துங்கோ. உடனை இறக்குவம்."

"இது சரியான சாது, தங்கச்சி," என்றார் றமேஸ் அண்ணை. "ஒரேயொருக்காத்தான் ஒரு மாப்பிள்ளையின்ரை தலைப்பாகையைத் தூக்கினது."

அது எழும்பியது. சண்டைக் காலத்தில் வன்னியில் வேவு விமானத்தை நாங்கள் வண்டு என்போம். கண்ணுக்குத் தெரியாது, இரைச்சல் மட்டும் மண்டைக்குள் ஊரும். ஆறு. எட்டு. கையை உயர்த்தினேன்.

ட்ரோன் இறங்கி ஓய்ந்தது.

"முடிஞ்சுது," என்றார் மிஸ்.

அந்தச் சொல்லோடு நான் அவரை இழுத்து அறுத்த நெல்தாளுக்குள் விழுத்திவிட்டேன். அண்ணை ஓடி வந்தார். மிஸ் எழும்பவில்லை. மூக்குக்கண்ணாடியில் மண்ணோடு, என் பக்கத்திலேயே படுத்திருந்தார்.

"சத்தம் நிண்டிட்டுதே, தனுசியா?"

"நிண்டாப் பிறகுதான் மிஸ் ஷெல் வரும்."

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அன்று வன்னியில் கஞ்சி வரிசையில் அம்மா நின்றார். வண்டின் இரைச்சல் நின்றதும் மேலே பார்த்து, "போயிட்டுது," என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அதற்குப் பிறகு அம்மா இல்லை.

மிஸ் கண்ணாடியைக் கழற்றினார். "கிளினிக்கிலை சத்தம் நிண்ட உடனை நான் கதைக்கத் தொடங்கிடுவன். உங்களை அந்த இடத்திலை நிக்கவே விடேல்லை. என்ரை பிழை."

மறுபடி பறக்கவிட்டோம். அது ஓய்ந்தது. ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஒன்பது. இப்போது விழும். இப்போது. எங்கோ ஓர் ஆடு கத்தியது. காரைநகர் பஸ் ஹோர்ன் அடித்துப் போனது. இப்போது விழும். விழவில்லை. ஒன்பதுதான், ஆனால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

அண்ணை கிட்ட வந்தார். "வேறை ஆளை விளக்குப் பிடிக்க விடுவமே?"

"வேண்டாம். நான்தான் பிடிப்பன்." ட்ரோன் பக்கம் திரும்பினேன். "றமேஸ் அண்ணை, இன்னொருக்கா."

"பற்றரி காணுமோ தெரியேல்லை, தங்கச்சி."

"பற்றரி முடியுமட்டும் விடுங்கோ. இறங்கினாப் பிறகு ஒருத்தரும் கதைக்காதேங்கோ."