கஞ்சிக்கு அடியில்

தாயின் கல்லறைக்குப் பக்கத்தில் குடிசை போட்டு, முரட்டுச் சணல் உடுத்தி, வைக்கோலில் படுத்து, வெறும் கஞ்சி குடித்து மூன்று வருடத் துக்கம் காத்துக்கொண்டிருந்தார் சீனாவின் ஷான்டொங் மாகாணத்து வாத்தியார் தூ வென்லி. ஊரே அவரைப் பார்த்து உருகியது. மனைவி ரூயிங்குக்கோ அவர் கழுத்து மடிப்பைப் பார்த்தாலே குமட்டியது. கஞ்சி குடித்து எவனுக்காவது கழுத்தில் சதை போடுமா? தினமும் கஞ்சிக்கு அடியில் பன்றிக்கறியைப் புதைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தவள் அவள்தான்.

கிழவி நாலு வருடம் படுக்கையில் கிடந்தபோது இந்த உத்தமப் புத்திரன் நாற்றம் தாங்காமல் வாசலோடு திரும்பிவிடுவார். பீ மூத்திரம் அள்ளியது ரூயிங். இப்போது அவருக்கு ஊர் எல்லையில் தன் பேர் பொறித்த கல் தோரண வாயில் வேண்டும். மாவட்ட அதிகாரி நேரில் பார்த்து, இவர் தாயைப் போற்றிய மகன் என்று எழுதினால் சக்கரவர்த்தி அனுமதி தருவார். அதற்குத்தான் இத்தனை வைக்கோலும். போதாததற்கு, மனித சுபாவம் பிறப்பிலேயே நல்லது என்று கன்பூசியஸ் வழியில் ஓர் உரையும் எழுதிக்கொண்டிருந்தார்.

அன்று ரூயிங்கின் அண்ணன் ஆள் அனுப்பியிருந்தான். அப்பா நாளை தாண்டமாட்டார், இவள் பேரைச் சொல்லியே முனகுகிறார் என்று சேதி. அவள் குடிசைக்கு ஓடினாள்.

"ஏங்க, ஒரே ஒரு நாள் போய்ப் பாத்துட்டு வந்துடறேன்."

"அதிகாரி இந்த மாசம் எந்த நாள் வேணா வருவாரு. துக்க வீட்டுல மருமக இல்லேன்னா என்ன நினைப்பாரு?"

"பெத்த அப்பாவைப் பாக்கணும்னு தோணுறது நல்ல சுபாவம் இல்லீங்களா?"

வென்லி கறித்துண்டை மென்று விழுங்கிவிட்டுச் சொன்னார்: "நல்லதுதான். அதை முறைக்கு அடக்கி வைக்கணும். கட்டிக்கொடுத்த பொண்ணு மாமியாருக்கு மூணு வருஷம், பெத்தவனுக்கு ஒரு வருஷம்தான் துக்கம். அவரு முதல்ல சாகட்டும், அப்புறம் பாக்கலாம்."

ரூயிங் வீட்டுக்குத் திரும்பினாள். இந்த ஆளிடம் இனிப் பேச என்ன இருக்கிறது?

மறுநாள் கறியை வழக்கம்போல வேகவைத்தாள். அதைத் தாமரை இலையில் பொதிந்து தன் மூட்டையில் வைத்துக்கொண்டாள். குடிசை வாசலில் வெறும் கஞ்சிப் பானையை வைத்துவிட்டு, அப்பாவின் ஊருக்குப் போகும் பாதையில் இறங்கினாள்.

இருபது அடி போயிருக்கமாட்டாள், எதிரே அதிகாரியின் பல்லக்கு வந்து நின்றது. அவர் இறங்கினார், எழுத்தர் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டார்.

"எங்கம்மா போறே?"

"வீட்டுக்காரருக்குக் கஞ்சி வச்சுட்டு வர்றேங்க ஐயா."

அதிகாரி நெகிழ்ந்துபோய்த் தலையாட்டினார். அப்போதுதான் குடிசைக்குள்ளிருந்து அந்தக் குரல் வந்தது.

"ஏய் ரூயிங், கறி எங்கடி? அடிவரைக்கும் துழாவிட்டேன், வெறும் கஞ்சிதான் இருக்கு. நேத்து மாதிரி கொழுப்புத் துண்டாப் போடுன்னு சொன்னேனில்ல?"

எழுத்தர் தூரிகையைத் துடைத்து உள்ளே வைத்தார். அதிகாரி பல்லக்கில் ஏறினார். பல்லக்கு திரும்பியது. ரூயிங் வணங்கிவிட்டு நடையைக் கட்டினாள்.

பொழுது சாய்வதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பாவுக்கு இன்னும் உயிர் இருந்தது. இவள் குரலுக்குக் கண் திறந்தார். ஊட்டிவிட்ட கறியில் இரண்டு துண்டு ருசித்துத் தின்றார்.

"மாப்பிள்ளை இன்னும் துக்கத்துலயா இருக்காரு?" என்று கேட்டார்.

"ஆமாப்பா," என்றாள் ரூயிங். "இன்னைக்குத்தான் ஆரம்பிச்சாரு."