இழுப்பறைக்குள் லைசென்ஸ்

விடியும் முன்பே உப்பு மூட்டை தோளில் ஏறிவிடும். வியர்வையும் உப்பும் சேர்ந்து கழுத்தை எரிக்க, கிடங்குக்கும் லாரிக்குமாக நடந்துகொண்டிருந்தோம். அன்று முதலாளி சீக்கிரமே வந்து எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். சும்மா சிரிக்கக்கூடக் கணக்குப் பார்க்கிற மனுஷன் அவர்.

முந்தின நாள் எங்கள் டிரைவர் நெட்டை ஓட்டிய லாரி மோதி ஒரு சைக்கிள்காரரின் கால் முறிந்துவிட்டது. நெட்டையின் லைசென்ஸோ காலாவதியாகிப் பல மாதம். வேலைக்குச் சேரும்போதே லைசென்ஸை வாங்கித் தன் இழுப்பறையில் பூட்டிக்கொள்வது முதலாளியின் வழக்கம். டிரைவர்கள் வேறு இடத்துக்கு ஓடிவிடக் கூடாதாம். புதுப்பிக்க லீவு கேட்டபோதெல்லாம் நெட்டைக்குக் கிடைத்த பதில், "அடுத்த வாரம் பாக்கலாம்." இப்போது அவன் ஸ்டேஷனில் இருக்கிறான்.

"பாவம்யா அவன். எனக்குத் தூக்கமே இல்ல," என்றார் முதலாளி.

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுதது.

"போலீஸ் கேட்டா, எனக்குத் தெரியாம அவனே வண்டிய எடுத்துட்டுப் போயிட்டான்னு சொல்லிடுங்க. அவன் குடும்பத்த நான் பாத்துக்கறேன்."

மூட்டை தைத்துக்கொண்டிருந்த நெட்டையின் மனைவி நிமிர்ந்தாள். "அவர ஜெயில்ல போட்டுட்டா?"

"ஜெயிலெல்லாம் இருக்காதும்மா. ஏதோ ஃபைன்..."

"வெறும் ஃபைன்தானே? அப்ப நீங்களே உண்மையச் சொல்லிடலாமே."

இன்னொரு டிரைவர் சொன்னார்: "லைசென்ஸ் இல்லாதவன்கிட்ட வண்டியக் குடுத்தா, குடுத்தவர் மேலயும் கேஸ் வரும், தங்கச்சி. இன்ஷூரன்ஸும் கைய விரிச்சுடும். இவர் சொல்றபடி சொன்னா, கால் ஒடிஞ்சவருக்கு நஷ்டஈடுலேந்து திருட்டுப் பட்டம் வரைக்கும் எல்லாம் நெட்டை தலையில."

"சாவி உங்க இடுப்புலதானே தொங்குது?" என்றேன் நான். "உங்களுக்குத் தெரியாம எப்படி எடுத்தான்?"

முதலாளியின் முகத்திலிருந்த பரிவு மறைந்தது. "சட்டம் பேசறவனுக்கு இங்க வேலை கிடையாது!" சாவியை அந்த டிரைவரிடம் நீட்டினார். "நீ எடு வண்டிய."

"மொதல்ல என் லைசென்ஸக் காட்டுங்க. அதுக்கு உயிர் இருக்கான்னு பாக்கணும்."

எங்களுக்குப் பயமாகத்தான் இருந்தது. யார் முதலில் முதலாளி பக்கம் சாய்வான் என்று ஒருவரையொருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டோம். நெட்டையின் மனைவி யாரையும் பார்க்கவில்லை. எழுந்து வாசலை நோக்கி நடந்தாள். டிரைவர் பின்னால் போனார். நானும் மூட்டையை இறக்கினேன். என் பின்னால் இன்னும் நாலைந்து பேர் இறக்கினார்கள்.

நெட்டைக்காகச் சாட்சி சொல்ல வந்தோம் என்றதும் ஸ்டேஷன் வாசலில் காவலர் மறித்தார். "எதுக்கு இத்தனை பேரு? சாட்சிக்கு ஒருத்தர் போதும்."

"ஒருத்தர்னா விலை பேசி மாத்திடுவாங்கய்யா," என்றாள் அவள். "எல்லார் பேரையும் எழுதிக்கோங்க."

காவலர் முறைத்துவிட்டு உள்ளே போனார். நாங்கள் படிகளில் நெருக்கி உட்கார்ந்தோம். தெருமுனையில் இன்னும் சிலர், தோளில் உப்போடு, வந்துகொண்டிருந்தார்கள்.