குடம் ஏந்தியவள்

"பாக்காதீங்க அத்தான்" என்று சொல்லிப் போர்வையை இழுத்து அக்காவின் முகத்தை மூடினாள் மேயா. பிணம் தூக்கும் தர்ம சபைக்காரர்கள் கறுப்பு முக்காடு போட்டுப் பாடையோடு வாசலில் நின்றார்கள். பெரியம்மையில் போனவர்களைப் பொழுது சாய்வதற்குள் எடுத்துவிட வேண்டும் என்பது பிளாரன்ஸ் நகரத்து உத்தரவு.

பாச்சோ பார்த்துவிட்டிருந்தான். ஒன்பதே நாளில் அம்மை அவன் மனைவி தெஸ்ஸாவின் முகத்தில் விரல் வைக்க இடம் விடவில்லை. கண்ணை மூடினால் அந்த முகம்தான் வந்தது. அதற்கு முந்தைய பதினோரு வருடத்து முகம் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை.

அடக்கம் முடிந்ததும் எல்லோரும் வீட்டுப் பக்கம் திரும்பினார்கள். அவன் மட்டும் அரண்மனைப் பக்கம் நடந்தான்.

"ஒரு வாய் சாப்பிடாம எங்க போறீங்க?"

"அவளப் பாத்துட்டு வரேன்."

மேயா வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அத்தானுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று நினைத்தாள் போலிருக்கிறது.

அவன் புத்தி தெளிவாகத்தான் இருந்தது. கோமகனின் அந்தரங்க அறைக்கு அவன் வடித்துக் கொடுத்த வெண்கலப் புடைப்புச் சிற்பத்தில் ஒரு தேவதை குளிக்கிறாள். சுற்றிலும் பன்னிரண்டு தோழிகள். குடம் ஏந்தியவள் தெஸ்ஸா. வெண்கலத்தில் வார்ப்பதற்கு முன் மெழுகில் உருப் பிடிக்கும்போது அவளை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு எதிரே உட்கார வைப்பான். "பயறு அடிப்பிடிச்சா எங்கிட்ட வராதீங்க, கோமகன் வீட்லயே போய்த் தின்னுங்க" என்பாள்.

கோமகன் வேட்டைக்குப் போயிருந்தார். காவலாள் மாசோ பழக்கமானவன். "ஒரு நிமிஷம்தான். தெரிஞ்சா ரெண்டு பேர் தலையும் போயிடும்" என்று ஜன்னலில்லாத அறையைத் திறந்து, மெழுகுவர்த்தியை உயர்த்திப் பிடித்தான்.

குடம் இருந்தது. ஏந்தியவளும் இருந்தாள். கழுத்து இன்னும் நீள வேண்டும், தலை சிறுக்க வேண்டும், மூக்கு நேராக வேண்டும் என்று மெழுகு வேலையின்போது அரண்மனையிலிருந்து மூன்று முறை ஆள் வந்தது. மூன்று முறையும் மெழுகைச் சுரண்டித் திருத்தினான். அன்றைக்கு அது வேலை. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. பாவி, தன் கையாலேயே அவளை வழித்துப் போட்டிருந்தான். பன்னிரண்டு பேருக்கும் ஒரே முகம்.

நீண்ட கழுத்தைக் கட்டைவிரலால் மறைத்துப் பார்த்தான். வேறு யாரோதான்.

"இதுல யாருப்பா உன் சம்சாரம்?"

பாச்சோ குடத்தைத் தொட்டுக் காட்டினான்.

மாசோ வெளிச்சத்தைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டான்.

"அழகா இருந்திருக்காங்க."

"ஆமா" என்றான் பாச்சோ.