மகாராணி கேட்ட ஓரடி

வந்த வரைபடத்தை மேஜைமேல் விரித்ததுமே அவளுக்குச் சுருக்கென்றது. எட்டு நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து நடத்தும் கண்காட்சி. இரண்டிரண்டு பேராக, பார்க்க வருகிறவர்கள் உள்ளே புகுந்து நடக்கிற மாதிரி அறைகள் கட்ட வேண்டும். அவளுக்கு வாய்த்த கூட்டாளி கடல் தாண்டி இருந்தாள். இருவர் அறைக்கும் நடுவே ஒரே நடைவழி. அதிலிருந்துதான் இரண்டுக்கும் வாசல். இரண்டடி என்று கண்காட்சிக்காரர்கள் முடித்திருந்த வழி, கூட்டாளி திருத்தி அனுப்பிய இந்த வரைபடத்தில் மூன்றடியாகி நிற்கிறது. கூடிய ஓரடியும் இவள் பக்கத்திலிருந்து!

“பாத்தியாடா மகாராணி வேலைய?” என்றாள், கண்காட்சிக்கு மரவேலை செய்யும் தம்பியிடம். “இந்த அறைச் சுவருக்காக மூணு வருஷமா மெழுகுத்தாள் ஒட்டி ஒட்டி விரலே தேஞ்சு போச்சு. சுவரத் தள்ளினா ஒரு வரிசையே போயிடும்.”

“அவங்க பக்கம் தூண் இருக்கேக்கா, எங்க தள்ளுவாங்க? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டுத் தொலையேன்.”

கேட்கவில்லை. கேட்டால் அவள் தேனொழுகப் பேசுவாள், நாம் இளகிவிடுவோம் என்ற பயம். வரைபடத்தின் ஓரத்தில் ஒரு வரி வேறு: ‘வழி அகலமாக இருந்தால் எனக்கு வசதி.’ எனக்காமே! கொஞ்சமாவது கூச்சநாச்சம் வேண்டாமா? ‘சரி’ என்று பதில் எழுதிப் போட்டுவிட்டு, தம்பியை மிரட்டி இரண்டடியிலேயே சுவரை எழுப்பினாள். கூட்டாளியின் சாமான்கள் வந்திறங்கியபோது, வேறு ஏதாவது திட்டம் ஒளித்திருக்கிறாளோ என்று பெட்டி பெட்டியாகக் கிண்டிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. அதுவே இன்னும் சந்தேகமாக இருந்தது.

திறப்பு நாள் காலையில் கூட்டாளி வந்தாள், சக்கர நாற்காலியில். இவள் அதுவரை போனில் முகத்தை மட்டும்தான் பார்த்திருந்தாள்.

“முதல்ல உங்க அறையத்தான் பாக்கணும்” என்று சிரித்தபடி கூட்டாளி நடைவழிக்குள் நாற்காலியைத் திருப்பினாள். சக்கரம் இரண்டு பக்கமும் இடித்து நின்றது. பின்னுக்கு இழுத்து, கோணலாக்கி, மறுபடி முட்டிப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த மெழுகுத்தாள் ஒன்று கிழிந்தது.

“ஐயோ, மன்னிச்சுக்கோங்க” என்று பதறினாள். “நான்தான் தப்பா அளந்து அனுப்பிட்டேன் போல.”

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பேசாமல் இருந்துவிட்டால் பழி அவளோடு போய்விடும். இவளுக்கு அவமானத்தில் உடம்பே கூசியது.

“தப்பு உங்களுது இல்ல. நீங்க மூணடிதான் போட்டிருந்தீங்க. நான்தான் குறைச்சிட்டேன்.”

“சரின்னு எழுதியிருந்தீங்களே?” என்றாள் கூட்டாளி.

கூட்டாளி சக்கரங்களைப் பின்னோக்கி உருட்டி, வழியை விட்டு வெளியே போனாள்.