நூலில் இல்லாத கறுப்பு

தையல் மாஸ்டர் உட்கார்ந்தபடி துணி வெட்டியதை அவர் மனைவி அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தாள். முழங்கால் வலி வந்த பிறகும், மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கி வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு மேசைக்கு முன் நின்றாரே ஒழிய, அவர் நாற்காலியைத் தேடியதில்லை.

சீருடை வாங்க வந்த நர்ஸ், பொட்டலத்தை நீட்டிய அவர் கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்; கீழ்இமையை இழுத்தும் பார்த்தாள். பிறகு மனைவியைத் தனியே வாசலுக்கு அழைத்தாள். உடம்பில் இரத்தம் குறைந்திருக்கிறது, வலி மாத்திரை இரைப்பையைப் புண்ணாக்கியிருக்கலாம் என்றாள். அங்கே கசியும் இரத்தம் சிவப்பாக வெளியே வராது. மலம் தாரைப் போலக் கறுத்து, பிசுபிசுத்து, வழக்கத்துக்கு மாறாக நாறும். அப்படி இருந்தால் நாளை வரை காத்திருக்க வேண்டாம், உயிருக்கே ஆபத்து என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்பதுதான் சிக்கல். ஊரார் இடுப்புச் சுற்றளவைப் பற்றிக் கூச்சமின்றிப் பேசும் மாஸ்டர், தமக்கு வயிறு என்று ஒன்று இருப்பதை மனைவியிடம் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை. அவள் நேராகவே கேட்டாள். எல்லாம் எப்போதும் போலத்தான் என்றார். சோறு போடும்போது மறுபடி கேட்டாள். சாப்பிடுகிற இடத்தில் கேட்கிற கேள்வியா இது என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார்.

மதியம் அவள் கடைக்கதவைப் பாதி சாத்திவிட்டு, நூல்கண்டுப் பெட்டியை அவர் முன்னால் திறந்து வைத்தாள்.

"வாயால சொல்ல வேண்டாம். அந்த நிறத்த எடுத்துக் குடுங்க."

மாஸ்டர் பெட்டிக்குள் விரலை ஓட்டினார். பிறகு மரப்பழுப்பில் ஒரு கண்டை எடுத்து அவள் கையில் வைத்தார். அவளுக்கு மூச்சு வந்தது. பெட்டியை மூடிவிட்டுத் தன் இயந்திரத்துக்குப் போய் மிதிக்கத் தொடங்கினாள்.

மாஸ்டர் கத்தரியை எடுத்தார், வைத்தார். தைத்து முடித்த காற்சட்டையை வெயிலில் பிடித்துப் பார்த்து, நூலின் நிறம் இம்மியளவு மாறியிருந்தாலும் மொத்தத் தையலையும் பிரித்துவிடுகிறவர் அவர். அந்தப் பழுப்பு அவளிடம் இருப்பதை அவரால் பொறுக்க முடியவில்லை.

"அது சேராது," என்றார்.

அவள் மிதிப்பதை நிறுத்தினாள். அவர் பெட்டியைத் திறந்து ஒரு கறுப்புக் கண்டை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, அதையும் திருப்பி வைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டே எழுந்து, கோட்டுக்கு உள்பக்கம் வைத்துத் தைக்கும் துணி அடுக்கியிருந்த பலகை வரை நடந்து, கறுப்பு சாட்டினின் மீது விரலை வைத்தார்.

"நிறம் இதுதான். நூல்ல இந்தப் பளபளப்பு இல்ல." சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

பயப்பட ஒன்றுமில்லை என்றும் அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். அசதிக்கு மருந்துக்கடையில் ஒரு டானிக் கொடுத்தார்களாம். அதில் இரும்புச்சத்து இருப்பதால் கறுப்பாகத்தான் போகும் என்று கடைக்காரரே சொன்னாராம்.

"டானிக்குக்கு அப்புறம் கறுப்பா? கறுப்புக்கு அப்புறம் டானிக்கா?"

மாஸ்டர் யோசித்தார். எதை முதலில் வெட்டினோம் என்பதில் அவருக்கு என்றுமே குழப்பம் வந்ததில்லை.

"கறுப்புதான் முன்னாடி," என்றார். சொன்ன பிறகுதான் அது அவர் காதிலேயே விழுந்தது போலிருந்தது.

அவள் திட்டவில்லை. அவர் கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வண்டி வரும்வரை அவர் கையை விடவில்லை.

மருத்துவமனையில் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்துப் புண்ணைக் கண்டுபிடித்தார்கள். கசிவை அடைத்து இரத்தம் ஏற்றினார்கள். வலி மாத்திரையை இனித் தொடக்கூடாது என்றார் டாக்டர். உள்ளே தங்கிய இரத்தம் வெளியேறும் வரை கறுப்பு சில நாள் தொடரும். பழைய நிறம் திரும்பினால்தான் கசிவு நின்றது உறுதியாகும் என்றும் சொன்னார்.

ஆகவே வார்டு நர்ஸ் தினமும் நிறத்தைக் கேட்டாள். மாஸ்டர் மனைவியின் காதில் சொல்வார். அவள் வார்டுக்கே கேட்கும்படி சொல்வாள். அவருக்குத் தொண்டையில் ஏதும் கோளாறா என்று பக்கத்துக் கட்டில்காரர் கரிசனத்தோடு விசாரித்தார்.

"தொண்டை நல்லாத்தான் இருக்குங்க. வெக்கத்துக்குத்தான் இன்னும் மருந்து கண்டுபிடிக்கல," என்றாள். மாஸ்டர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்.

பிறகு ஒரு காலையில் கழிப்பறையிலிருந்து அவர் கூப்பிட்டார். விழுந்துவிட்டாரோ என்று பதறி ஓடினாள். கதவு திறந்திருந்தது. மாஸ்டர் சுவரைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"எனக்குத் தெரியுது. இருந்தாலும் நீயும் ஒரு தடவை பாத்துடு."

அவள் குனிந்து பார்த்தாள். அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அவள் அவசரப்படவில்லை.

"சரியா இருக்குங்க," என்றாள்.

அவர் தலையாட்டினார். திரும்பி நடக்கும்போது தாமாகவே அவள் தோளைப் பற்றிக்கொண்டார்.