எல்லாம் இடக்கை

தையற்கூடத்தில் அவளுக்கு நிதானம் என்று பெயர். பெற்றோர் இட்ட பெயரைச் சம்பள நாளன்று மட்டுமே யாரேனும் உச்சரிப்பர். துணியை மேசைமீது விரித்ததும் உள்ளங்கையால் நீவுவாள். அளவு அட்டையை வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டபின் மறுபடியும் நீவுவாள். அதன் பிறகே கத்தரிக்கோலை எடுப்பாள். நடுவில் யாரேனும் பேச்சுக் கொடுத்தால், வெட்டி முடிக்கும் வரையில் மறுமொழி வாராது. அவள் வெட்டிய துண்டுகளை எவரும் சரிபார்ப்பதில்லை.

பிரசவத்தின்போது அவளுக்கு இரத்தப்போக்கு நிற்கவில்லை. கருப்பையை எடுத்துத்தான் உயிரைக் காத்தனர். தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்த நாள்கள் அவள் நினைவில் இல்லை. பிறர் சொல்லக் கேட்டவையே. கண் விழித்தபோது கணவன் அழுதுகொண்டிருந்தான். அவனுடைய தாய், "பிழைச்சு வந்தியேம்மா, அது போதும்" என்றாள். பார்க்க வந்தோர் அனைவரும் அதையே கூறினர்.

பெண் குழந்தை கொழுகொழுவென்று வளர்ந்தது. பசித்தால் பால் புகட்டினாள். நனைந்தால் துணி மாற்றினாள். ஒன்றிலும் குறை வைக்கவில்லை. குழந்தை முதன்முதலாகத் தன்னைப் பார்த்துச் சிரித்தபோது, சிரிக்கிறது என்று அறிந்தாள். அவ்வளவே.

இருமினால் உள்ளாடை நனைந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. தழும்பைச் சுற்றிய தோலில் உணர்ச்சியே இல்லை. மேசை விளிம்பில் சாய்ந்தால், வேறொருத்தியின் வயிறு அங்கே பட்டுக்கொண்டிருப்பது போலிருந்தது. இவற்றை அவள் எவரிடமும் கூறவில்லை. பிழைத்து வந்தவள் குறை சொன்னால் நன்றிகெட்டவள் ஆகமாட்டாளா? குழந்தைக்குத் தடுப்பூசி போட்ட செவிலி ஒருமுறை, "நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டாள், கேட்கும்போதே அடுத்த குழந்தையின் தொடையைத் துடைக்கத் தொடங்கியிருந்தாள்.

அவள் வேலைக்குத் திரும்பிய சில வாரங்களில், ஒரு பக்கம் மட்டும் பூ அச்சிட்ட சட்டைத்துணி வந்தது. அத்தகைய துணியை அடுக்கி வெட்டுகையில், கைக்குரிய அட்டையை ஒருமுறை வைத்து வெட்டினால் இடக்கை. அட்டையைத் திருப்பிப் போட்டு வெட்டினால் வலக்கை. அவள் வழக்கம்போல் நீவினாள், கோடிட்டாள், மறுபடியும் நீவினாள், வெட்டினாள். அட்டையைத் திருப்பவில்லை.

"ஏய் நிதானம், இங்க வா" என்று காஜா அக்கா கூப்பிட்டாள். பொத்தான் துளை போடுபவள் ஆதலால் அவளுக்கு அந்தப் பெயர். இரண்டு துண்டுகளைத் தன் தோள்களில் வைத்துக் காட்டினாள். "இது இடது. இதுவும் இடது. கட்டு முழுக்க இடதுதான். ரெண்டும் இடது கையா இருக்கிற ஆளுங்களை நான் எங்கடி போய்ப் பிடிப்பேன்?"

"எங்க வீட்டுக்காரர் இருக்காரே! எந்தக் கையும் வேலைக்கு ஆகாது, அவருக்குப் போட்டுப் பாருங்க" என்றாள் ஒரு தையற்காரி. எல்லாரும் சிரித்தனர். நிதானமும் உதட்டை விரித்தாள்.

முதலாளி வந்து துண்டுகளைப் புரட்டினார். "வேற யாராவதுன்னா கத்தியிருப்பேன். உன்னை என்னம்மா சொல்றது? கொஞ்ச நாள் மேசைப் பக்கம் வராதே. பிசிறு வெட்டு. அப்புறம் பாக்கலாம்." தைத்த உடையில் தொங்கும் நூலை நறுக்குவது புதிதாகச் சேர்வோருக்குத் தரும் வேலை.

அவர் போனதும் காஜா அக்கா அருகே வந்தாள். "அழுதிடுடி. யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

"அழுகை வரலைக்கா."

"கோவமா?"

"அதுவும் இல்ல. முன்னாடியெல்லாம் ஒரு நூல் பிசகினாக்கூட எனக்குத் தூக்கம் வராது. இப்போ மேசையே போகுது. யாரோடதோ போற மாதிரி இருக்கு."

"எப்போலேர்ந்து?"

"ஆஸ்பத்திரியில கண்ணு முழிச்சதுலேர்ந்து."

காஜா அக்கா அவள் தோளைத் தொட்டாள். "டாக்டர்கிட்ட சொன்னியா?"

"உசுரைக் காப்பாத்தினவங்கக்கா. அவங்ககிட்டயே போய் எப்படிக் குறை சொல்றது?"

"நல்லா இருக்கே கதை! தச்சுக் குடுத்த சட்டை இறுக்கிப் பிடிச்சா நம்மகிட்டதானே கொண்டுவர்றாங்க? பக்கத்துக் கடைக்கா போறாங்க?"

அன்று மாலை வீட்டில், மேசை போன செய்தியைக் கூறினாள். குழந்தைக்குப் பால் புகட்டிக்கொண்டிருந்த கணவன், "நல்லதுதானே, உனக்கும் ஓய்வாச்சு" என்றான். மாமியார், "வேலை கிடக்குது வேலை. உசுரை விடவா?" என்றாள். இருவரும் அன்பினாலேயே பேசினர் என்பதை அவள் அறிவாள். இப்போது வாய் மூடிக்கொண்டால் பேச்சு இத்துடன் முடிந்துவிடும் என்பதையும் அறிந்தாள்.

"எனக்கு முடியலங்க."

"காய்ச்சலா?" என்று அவன் பதறி எழுந்தான்.

"காய்ச்சல் இல்ல. இருமினா துணி நனையுது. வயித்துல தொட்டா தெரியல. பாப்பா சிரிச்சாலும் உள்ள ஒண்ணும் தெரியல."

மாமியார் கை நீட்டிக் குழந்தையை மகனிடமிருந்து வாங்கிக்கொண்டாள்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றாள் நிதானம். "பாப்பா இங்கயே இருக்கட்டும். நான் எனக்காகப் போறேன்."